தீபாவளிச் சந்தையின் கணக்கு

தீபாவளிக் கடைவீதியின் நெரிசலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மனித ஆசையிலிருந்து தொடங்குகிறார்கள். ஆசை பெருகிவிட்டது, எளிமை போய்விட்டது, விளம்பரம் கெடுத்துவிட்டது என்று பேச்சு போகும். சம்பளப் பட்டியலிலிருந்து தொடங்குவதே சரியென்று எனக்குப் படுகிறது. கையில் பணம் எந்த வாரத்தில் வருகிறது, யார் வழியாக வருகிறது, எப்போது திரும்பிப் போகிறது என்று பார்த்தால்தான் அந்த நெரிசலின் காரணம் பிடிபடும்.

1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் தொழிற்சாலைகளுக்கும், இருபது பேருக்குக் குறையாமல் வேலைபார்க்கும் நிறுவனங்களுக்கும் பொருந்துமாறு இயற்றப்பட்டது. அதன்படி குறைந்தபட்ச போனஸ் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், உச்சவரம்பு 20 சதவீதம். 8.33 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் இதைக் கொடுத்துவிட வேண்டும். மார்ச் 31-இல் கணக்கு முடித்தால் கெடு நவம்பர் 30. தீபாவளியோ அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வந்துவிடும். கெடு முடிவதற்குச் சற்று முன்பாகப் பண்டிகை வந்து நிற்பதால், முதலாளி கொடுக்கும் நாளும் தொழிலாளி எதிர்பார்க்கும் நாளும் ஒரே வாரத்தில் சேர்ந்துகொண்டன. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பும் இதே விகிதங்களையும் எட்டு மாதக் கெடுவையும் எடுத்துக்கொண்டிருக்கிறது.

போனஸ் யாரும் மனமிரங்கிக் கொடுத்த பரிசு அல்ல. முதல் உலகப்போர்க் காலத்தில் பம்பாய்ப் பஞ்சாலைகள் போர்க்கால போனஸாக ஒரு தொகையைக் கொடுத்தன. பிறகு அதை நிறுத்தியபோது 1924-இல் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. லாபத்தில் தொழிலாளிக்கு எவ்வளவு பங்கு என்பதற்கு 1950-இல் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒரு கணக்குமுறையை வகுத்தது. 1961-இல் மெஹர் தலைமையில் போனஸ் ஆணையம் அமைந்து, அதன் வழியாகவே சட்டம் வந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் குறைந்தபட்சத்தை 4 சதவீதமாகக் குறைத்தார்கள். 1977-இல் அது மீண்டும் 8.33 ஆனது. வங்கத்தின் பூஜை போனஸைப் போல வழக்கத்தில் இருந்த பண்டிகைக் கொடைகளையும் சட்டத்தின் 17-ஆம் பிரிவு குறிப்பிட்டு, அவற்றைக் கழித்துக்கொள்ள வழிசெய்தது. இத்தனை போராட்டத்துக்குப் பிறகு கிடைத்த பணம் அது. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறித் தொழிலாளர்கள் இன்றும் ஒவ்வொரு தீபாவளிக்கு முன்பும் போனஸ் சதவீதத்துக்காகப் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார வேண்டியிருக்கிறது.

தொகையைப் பார்ப்போம். 2015-இல் வந்த திருத்தம், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு போனஸ் உண்டு என்றது. ஆனால் கணக்குப் போடுவது 7,000 ரூபாய்க்கு, அல்லது அந்தத் தொழிலின் குறைந்தபட்ச ஊதியம் அதைவிட அதிகமென்றால் அதற்கு. 7,000 ரூபாய்க்கு 8.33 சதவீதம் போட்டால் ஆண்டுக்கு 6,997 ரூபாய் வரும். தமிழ்நாட்டு அரசு நிறுவனங்களின் சி, டி பிரிவு ஊழியர்களுக்கு அண்மை ஆண்டுகளில் அறிவிக்கப்பட்ட 20 சதவீதத்துக்கு அதிகபட்சம் 16,800 ரூபாய். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குத் துணிமணி, பட்டாசு, பலகாரச் சாமான், ஊருக்குப் போகும் பஸ் கட்டணம் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். இந்த ஒரே தொகையைக் குறிவைத்து ஜவுளிக்கடை, நகைக்கடை, செல்போன் கடை, பட்டாசுக் கடை, ஆம்னி பஸ், புதுப்படம், டாஸ்மாக் என அத்தனை பேரும் ஒரே பதினைந்து நாளில் காத்திருக்கிறார்கள். பண்டிகைக்கால வணிக அழுத்தம் என்று சொல்வதன் உள்ளீடு இதுதான்: அளவான பணம், அளவற்ற விற்பனையாளர்கள், மிகக் குறுகிய காலம்.

போனஸ் சட்டத்துக்கு வெளியே நிற்பவர்களே அதிகம். கட்டட வேலைக்குப் போகிறவர், வீட்டுவேலை செய்கிறவர், தள்ளுவண்டிக்காரர், ஐந்தாறு பேர் வேலைபார்க்கும் சிறு கடையின் ஊழியர் ஆகியோருக்கு முதலாளி விரும்பினால் ஒரு சேலை, ஒரு ஸ்வீட் பாக்ஸ், கொஞ்சம் இனாம். சட்டப்படி கேட்க ஒன்றுமில்லை. இவர்கள் கண்டுபிடித்துக்கொண்ட வழி தீபாவளிச் சீட்டு. மாதம் 500 ரூபாய் கட்டினால் பன்னிரண்டு மாதத்தில் 6,000 ரூபாய். அதற்கு ஈடாகத் தீபாவளிக்கு முன்பு மளிகைச் சாமான், எண்ணெய், இனிப்பு, பட்டாசுப் பெட்டி, ஒரு பாத்திரம், பெரிய சீட்டு என்றால் ஒரு கிராம் தங்கக் காசோ வெள்ளிக் குத்துவிளக்கோ. முதலாளி தராத போனஸைத் தன் கூலியிலிருந்தே மாதாமாதம் பிடித்தம் செய்து தனக்குத் தானே கொடுத்துக்கொள்கிறாள் சீட்டுக் கட்டும் பெண். பொருளாதாரப் பாடநூல் இதைச் சேமிப்பு என்று சொல்லும். ஆனால் சேமிப்புக்கு உரிய வட்டி இதில் இல்லை. பன்னிரண்டு மாதம் அந்தப் பணத்தை வைத்திருப்பவர் அதை வட்டிக்கு விடுகிறார், மொத்த விலைக்குச் சாமான் வாங்குகிறார், சில்லறை விலைக்குக் கணக்குக் காட்டுகிறார். என்ன பொருள், எந்தத் தரம் என்பதையும் அவரே தீர்மானிக்கிறார்.

பெரும்பாலான சீட்டுகள் தெருவுக்குள் முகம் தெரிந்தவர்களிடையே நம்பிக்கையோடு நடக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். அந்த நம்பிக்கையை முதலாக்கி முகவர்கள் வைத்து மாவட்டக் கணக்கில் விரித்தவர்களிடம்தான் அடி விழுந்தது. திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு வட்டாரத்தில் அண்மை ஆண்டுகளில் எழுந்த தீபாவளிச் சீட்டுப் புகார்கள் நாளிதழ் படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். கட்டியவர்கள் கூலிக்காரர்கள், வசூலித்த முகவர்களும் அதே தெருவின் பெண்கள். ஏமாந்த பிறகு ஒருவர் வீட்டு வாசலில் ஒருவர் நிற்க நேர்ந்தது. 1982-இன் சீட்டு நிதிச் சட்டம், 1997-இன் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம் என்று மூன்று சட்டங்கள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் பணம் போன பிறகுதான் அந்தத் தெருவுக்கு வருகின்றன.

நகைக்கடைச் சீட்டின் வரலாறு வேறு மாதிரி. முன்பு பதினோரு தவணை நீங்கள் கட்டினால் பன்னிரண்டாவதைக் கடை போடும். 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டமும் அதையொட்டி 2014-இல் வந்த வைப்புத்தொகை விதிகளும், பொருளுக்கான முன்பணம் 365 நாளுக்குள் நேர்செய்யப்படாவிட்டால் அது வைப்புத்தொகை என்றன. அதனால்தான் இன்றைய நகைத் திட்டங்கள் பதினோரு மாதத்தோடு முடிகின்றன. வாடிக்கையாளர் ரொக்கமாகத் திரும்பக் கேட்க முடியாது, நகையாகத்தான் எடுக்க வேண்டும். சேதாரத்தில் தள்ளுபடி கிடைக்கும். ஆனால் கடை மாற முடியாது. ஓர் ஆண்டுக்கு முன்பே, எந்தக் கடையில் வாங்கப்போகிறோம் என்பது முடிவாகிவிடுகிறது.

கடை மட்டுமல்ல, வாங்கும் நாட்களே புதிதாக உண்டாக்கப்படுகின்றன. ஆடியில் கல்யாணம் கிடையாது, ஜவுளி விற்காது. தேங்கிய சரக்கை நகர்த்த ஆடித் தள்ளுபடி வந்தது. அட்சய திருதியை தமிழ்நாட்டில் நகை வாங்கும் நாளானது கடந்த இருபத்தைந்து, முப்பது ஆண்டு விளம்பரங்களால். இப்போது தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு வரும் தந்தேரஸைத் தமிழில் பெயர் மாற்றிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். விடிகாலை எண்ணெய்க் குளியல், மஞ்சள் தடவிய புதுத்துணி, லேகியம், பலகாரம் என்று இருந்த நம் தீபாவளியில் தங்கத்துக்கென்று தனி நாள் இருந்ததில்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்களில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள்கூட யாரும் இல்லை. சடங்கின் மொழியில் சொன்னால் மறுப்பது கடினம் என்பது விற்பவர்களுக்குத் தெரியும். விலை அதிகம் என்று சொல்லி ஒரு பொருளை விட்டுவிடலாம். ‘இன்று வாங்காவிட்டால் வீட்டுக்கு ஆகாது’ என்ற பேச்சு வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அப்படி விட முடியாது. தலைதீபாவளி வரும் வீட்டில் இது இன்னும் கடுமை. மாப்பிள்ளைக்கு மோதிரமா செயினா என்பதைப் பெண்ணைப் பெற்றவரின் வருமானம் தீர்மானிப்பதில்லை. சம்பந்தி வீட்டுப் பேச்சும் அதோடு ஒத்துப்போகும் விளம்பரமும் தீர்மானிக்கின்றன.

இவ்வளவையும் எழுதிவிட்டு, அதனால் எளிமையாகக் கொண்டாடுங்கள் என்று முடிக்க என்னால் முடியாது. தஞ்சை வயல்காட்டில் பண்ணையாட்களுக்குப் புதுத்துணி என்பது மிராசுதார் வீட்டு வாசலில் கைநீட்டி வாங்குவதாக இருந்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. என்ன நிறம், என்ன தரம் என்று கேட்கும் உரிமை வாங்குகிறவருக்கு இல்லை. அந்தப் பண்ணையாட்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ ஒரகடம் தொழிற்சாலைக்கோ போய், போனஸ் வாங்கி, சென்னையின் ரங்கநாதன் தெருவில் நுழைந்து, பத்துச் சட்டைகளை விரித்துப் போடச் சொல்லிப் பார்த்து, பிடித்ததைத் தம் காசில் எடுக்கிறார்கள். விலை எழுதி ஒட்டிய கடையில் எந்தச் சாதி என்று யாரும் கேட்பதில்லை. சந்தை கொடுத்த இந்த மரியாதையைக் குறைத்துப் பேசும் தகுதி, ஆண்டு முழுவதும் நினைத்தபோது துணி வாங்க முடிந்த நமக்கு இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் புதுத்துணி காணும் குழந்தையின் தீபாவளியை நுகர்வு வெறி என்று சொல்வது கொடுமை. என் கேள்வி வேறு. அந்த மரியாதைக்கு ஏன் இத்தனை இறுக்கமான, இத்தனை செலவு பிடிக்கும், இத்தனை பேரை வதைக்கும் ஏற்பாடு?

வதைபடுபவர்களில் முதலில் வருபவர் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர். நீதிக்கட்சி ஆட்சியில் 1920-களில் குடியிருப்புப் பகுதியாக வகுக்கப்பட்ட தியாகராய நகர் இன்று நாட்டின் பெரிய ஜவுளி, நகைச் சந்தைகளில் ஒன்று. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து உஸ்மான் சாலைக்குப் போகும் ரங்கநாதன் தெரு அகலத்தில் ஒரு சந்து. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே காவல்துறை கண்காணிப்புக் கோபுரம் அமைத்து, ஒலிபெருக்கியில் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளச் சொல்கிறது. கூட்டத்தைச் சமாளிக்க ரயில் நிலையத்திலிருந்து பஸ் நிலையம் வரை 2023-இல் ஆகாய நடைபாதையே கட்ட வேண்டியிருந்தது. அந்தக் கடைகளின் மாடிகளில் துணியை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும் இளைஞர்களும் பெண்களும் பெரும்பாலும் நெல்லை, தூத்துக்குடி போன்ற தென்மாவட்டங்களின் மானாவாரிக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். இப்போது வடமாநிலத்தவரும் சேர்ந்திருக்கிறார்கள். தங்குமிடமும் சாப்பாடும் கடையே கொடுக்கும். அதனாலேயே நாளின் எந்த மணிநேரமும் முழுதாக அவர்களுடையதாக இருப்பதில்லை. 2008-இல் ரங்கநாதன் தெருவின் பெருங்கடை ஒன்றில் தீப்பிடித்தபோது இறந்தவர்கள் இரண்டு ஊழியர்கள். வசந்தபாலன் 2010-இல் எடுத்த ‘அங்காடித் தெரு’ இந்த வாழ்க்கையைத் திரையில் வைத்தபோது, அதே தெருவில் ஆண்டுக்கணக்காகத் துணி எடுத்த நம்மில் பலர் அப்போதுதான் அந்த முகங்களைப் பார்த்தோம்.

ஒரு சேலை விற்பனை எப்படி நடக்கிறது என்று நின்று கவனித்தால் தெரியும். அலமாரியிலிருந்து எடுப்பது, பிரிப்பது, தோளில் போட்டுக் காட்டுவது, பிடிக்கவில்லையென்றால் அதே மடிப்பில் மடித்து வைப்பது என எல்லாமே நின்றபடி செய்யும் வேலை. வாடிக்கையாளருக்கு நாற்காலி உண்டு, விற்பவருக்குக் கிடையாது. ஆள் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தாலும் கடை சோர்வாகத் தெரியும் என்பது முதலாளிகள் சொல்லும் நியாயம். நரம்புச் சுருட்டு, கால்வீக்கம், கழிவறைக்குப் போக நேரமில்லாமல் தண்ணீரைக் குறைத்துக்கொண்டதால் வரும் சிறுநீர்த் தொற்று ஆகியவையே இந்தத் தொழிலின் நோய்கள்.

இதை முதலில் அரசியலாக்கியவர்கள் கோழிக்கோட்டுப் பெண்கள். அங்கே மிட்டாய்த் தெரு ஜவுளிக்கடைகளில் வேலைபார்த்த பெண்களைத் தையல் தொழிலாளியான பி. விஜி ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பாகத் திரட்டினார். கழிவறை வேண்டும் என்று தொடங்கிய போராட்டம், உட்காரும் உரிமை வேண்டும் என்று வளர்ந்தது. 2018-இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. அதைப் பின்பற்றி 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. ஊழியர் எல்லோருக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடிய வேண்டும் என்கிறது அது.

நல்ல சட்டம்தான்; ஆனால் அதன் பலவீனமும் அதிலேயே இருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய இருபது நாளில் அந்த வாய்ப்பு வருவதே இல்லை. ஒருவர் எழுந்து போவதற்குள் அடுத்தவர் வந்து நிற்கிறார். அதாவது, கால்கள் அதிகம் கெஞ்சும் நாட்களில் சட்டத்தால் பயன் இல்லை. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலைபார்க்கும் கடைகளை 24 மணிநேரமும் திறந்துவைக்க அனுமதித்த 2019-ஆம் ஆண்டு அரசாணையும், மிகைநேரம் சேர்த்து ஒருவரின் வேலை நாளுக்குப் பத்தரை மணிநேரத்தையும் வாரத்துக்கு 57 மணிநேரத்தையும் தாண்டக் கூடாது என்று வரம்பிட்டது. காலை ஒன்பதுக்குத் திறந்து இரவு பதினொன்றுக்கு மூடும் கடையில், தங்குமிடத்துக்கும் கடைக்கும் நடுவே மட்டும் நடக்கும் ஊழியரின் நேரத்தை யார் எண்ணுகிறார்கள்?

கைப்பேசிக்குள் நடக்கும் தீபாவளியில் இந்த ஊழியர் கண்ணுக்கே தெரியாமல் போகிறார். ஃபிளிப்கார்ட் தன் முதல் ‘பிக் பில்லியன் டே’வை 2014 அக்டோபர் 6-இல் நடத்தியபோது தளம் திணறியது, நிறுவனர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். அதற்குப் பிறகு பண்டிகைக்கால விற்பனைத் திருவிழா ஆண்டுதோறும் நவராத்திரியை ஒட்டி, போனஸ் வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வராத பணத்தைச் செலவழிக்க வைக்கத்தான் மாதத் தவணை. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, அது கட்டணமாகவோ விலையாகவோ மறைந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்கு எச்சரித்தது. பிறகு வந்த ‘கூடுதல் செலவில்லாத் தவணை’யில், வட்டிக்குச் சமமான தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டுகிறார்கள். கிரெடிட் கார்டில் எடுத்தால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. தனியாக விழும், ரொக்கமாகக் கொடுத்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடியும் போகும். ‘இன்னும் இரண்டே பாக்கி’, ‘பத்து நிமிடத்தில் முடிகிறது’ என்ற போலி அவசரத்தையும், கேட்காமலே கூடையில் பொருள் சேர்ப்பதையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தவறான நடைமுறைகளாக அறிவித்தது. அந்தப் பட்டியலில் மொத்தம் பதின்மூன்று. அரசும் இந்தக் காலண்டரைத்தான் பார்க்கிறது: 2025-இல் ஜி.எஸ்.டி. குறைப்பு நடைமுறைக்கு வந்த செப்டம்பர் 22, நவராத்திரியின் முதல் நாள்.

கணக்கு முடிவது கார்த்திகையிலும் மார்கழியிலும். அரசு ஊழியருக்குப் பண்டிகை முன்பணம் வட்டியில்லாமல் பத்துத் தவணையில் பிடித்தமாகும். அந்த வசதி இல்லாதவர் குழுக்கடன் வாங்குகிறார், அல்லது அட்சய திருதியைக்கு வாங்கிய நகையை அடகு வைக்கிறார். ஒரு குடும்பத்தின் கடன் தவணைகள் எல்லாம் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் நுண்கடன்களுக்கு வரம்பு வைத்தது. வாசலில் வந்து நின்று மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாடு 2025-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டதே இந்தக் கடன்சுமைக்குப் போதிய சான்று.

செய்யக்கூடியவை இருக்கின்றன. போனஸைப் புரட்டாசியிலேயே கொடுத்துவிட எந்தத் தடையும் இல்லை. கணக்காண்டு மார்ச்சிலேயே முடிந்துவிடுகிறது. சீக்கிரம் கொடுத்தால் சீக்கிரம் கரைந்துவிடும் என்பார்கள். ஒரு மாத அவகாசத்தில் நான்கு கடை ஏறி இறங்கி வாங்குபவரின் பேரம்பேசும் வலு, கடைசி ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் கிடைத்ததை எடுப்பவருக்குக் கிடையாது. தீபாவளிச் சீட்டை மகளிர் சுய உதவிக் குழுக்கள் வங்கி ஆர்.டி. கணக்காக நடத்தினால், வட்டியும் வரும், ரொக்கமாகவும் கையில் வரும். 22-ஏ பிரிவில் பண்டிகைக் காலத்துக்கென்று கட்டாய ஓய்வு முறையைச் சேர்க்க வேண்டும்: இத்தனை மணிநேரத்துக்கு ஒருமுறை இத்தனை நிமிடம், ஆள் மாற்றி ஆள். தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் ஐப்பசி பிறப்பதற்கு முன்பே கடை மாடிகளில் ஏறிப் பார்க்க வேண்டும்.

வாங்கப் போகிற நமக்கும் ஒன்று உண்டு. இந்த ஆண்டு முடிந்தவரை வார நாளில், முன்கூட்டியே போங்கள். துணி எடுத்து முடித்துப் பில் போடும் இடத்தில் மேலாளரிடம், ‘உங்கள் ஊழியர்கள் உட்கார இருக்கை எங்கே இருக்கிறது?’ என்று கேளுங்கள். ஊழியர் கேட்டால் வேலை போகலாம். வாங்க வந்தவர் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். பதில் இல்லையென்றால் மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்துக்கு, 22-ஏ பிரிவைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதுங்கள்.